சேதன விளைபொருட் சான்றும் அதன் பதிவேடும்

சந்தையில் ஒரே குவியலிற் கிடக்கும் இரண்டு தேங்காய்களுள் ஒன்று யூரியா இட்டு வளர்த்த மரத்தினது. மற்றையது எருவும் தழையும் மாத்திரம் பெற்று வளர்ந்த மரத்தினது. இவ்விரண்டையும் கண்ணாற் பார்த்தோ, உடைத்துச் சுவைத்தோ வேறுபடுத்தி அறிதல் எவர்க்கும் அரிது. பூச்சிகொல்லி தெளிக்கப்பட்டிருப்பின் அதன் எச்சத்தை ஆய்வுகூடம் கண்டுபிடித்தல் கூடும். பசளையின் செய்தியோ அவ்வாறன்று. யூரியாவிலிருந்து பிறந்த நைத்திரேற்றும் சாணத்திலிருந்து பிறந்த நைத்திரேற்றும் மரத்தின் வேருக்கு ஒன்றே. ஆகவே, 'இது சேதன முறையில் விளைந்தது' என்னும் கூற்று பொருளின் இயல்பைப் பற்றிய கூற்றன்று. அதன் வரலாற்றைப் பற்றிய கூற்றாகும். வரலாறு எனின் அதற்குச் சாசனம் வேண்டும். சேதன விளைபொருளுக்கு வழங்கப்படும் சான்றிதழ், அத்தகைய சாசனங்கள் பலவற்றை ஆராய்ந்து எழுதப்படும் தீர்ப்பு என்க. அச்சாசனங்களைக் கணினியில் எவ்வாறு தொகுத்து வைப்பது, தொகுத்தவற்றை எவ்வளவு தூரம் நம்புவது என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

இலங்கையிற் 'சேதனம்' என்றும் தமிழ்நாட்டில் 'அங்ககம்', 'இயற்கை' என்றும் வழங்கும் சொற்கள் ஏறத்தாழ ஒரே பொருளன. இவ்வகை விவசாயத்தில் ஈடுபட்ட பல நாட்டுச் சங்கங்கள் 1972 இற் பிரான்சு நாட்டின் வேர்சாய் நகரில் ஒன்றுகூடிச் சர்வதேசச் சம்மேளனம் ஒன்றை நிறுவின. உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்சு ஆணைக்குழு 1999 இல் வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. இலங்கைத் தர நிறுவனத்தின் 1324 ஆம் இலக்கத் தரநிலை இந்நாட்டுக்குரியது. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கீழ்த் தேசிய சேதனக் கட்டுப்பாட்டு அலகு ஒன்றும் உண்டு.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நெல்லும் தேயிலையும் பட்ட பாட்டினால் 'சேதனம்' என்னும் சொல்லே விவசாயிகள் பலரின் செவிக்குக் கசப்பாயிற்று. அத்தடை வேறு, சான்றளிப்பு வேறு. முன்னையது அரசின் கட்டளை. பின்னையது விவசாயி தானே விரும்பி மேற்கொண்டு, தான் செய்ததையும் செய்யாததையும் எழுதிவைக்கும் ஒழுங்கு. பசளை கிடையாமையால் வெறிதே விடப்பட்ட நிலம் அக்காரணத்தாற் சேதன நிலம் ஆகிவிடாது. எழுதிவைக்கப்படாத நோன்பு ஏற்றுமதிச் சந்தையிற் செல்லுபடியாவதில்லை.

நிலத்தையும் ஆளையும் மரத்தையும் ஏட்டில் இணைத்து வைக்கும் முயற்சி இந்நாட்டுக்குப் புதிதன்று. பழைய காணி உறுதிகளைப் புரட்டியவர்கள் 'தோம்பு' என்னும் சொல்லைக் கண்டிருப்பர். அது போர்த்துக்கேய மொழியினின்று வந்தது. யாழ்ப்பாணமும் மன்னாரும் 1658 இல் ஒல்லாந்தர் வசமாயின. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிற் குடிகளை எழுதிய தலைத்தோம்பும், காணிகளையும் அவற்றில் நின்ற பயன்தரு மரங்களையும் எழுதிய காணித்தோம்பும் பேணினர். வரியும் ஊழியமும் தவறாது வந்து சேரவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். அஃது எவ்வாறாயினும் ஆகுக. ஆளின் விவரத்தை ஓர் ஏட்டிலும் நிலத்தின் விவரத்தை வேறோர் ஏட்டிலும் தனித்தனியே எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தேடிக் காணுமாறு அமைத்தமை கருதத்தக்கது. இக்காலத் தரவுத்தளத்தின் அடிப்படை எண்ணமும் இதுவே.

1970 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எட்கர் கொட் என்னும் ஆங்கிலேயர் இவ்வெண்ணத்துக்குக் கணித உருவம் கொடுத்தார். தரவு யாவும் அட்டவணைகளாக இருத்தல் வேண்டும்; ஒவ்வொரு நிரையும் ஒரு செய்தியைக் கூறுதல் வேண்டும்; ஒரு செய்தி ஓரிடத்தில் மாத்திரமே எழுதப்படுதல் வேண்டும்; பிற அட்டவணைகள் அதனை ஓர் இலக்கத்தாற் சுட்டுதல் போதும். இவ்விலக்கத்தைச் சாவி என்பர். ஒருவரது முகவரி பத்து ஏடுகளில் எழுதப்பட்டிருந்தால், அவர் வீடு மாறியபோது ஒன்பது ஏடுகள் திருத்தப்பட்டுப் பத்தாவது பழைய முகவரியையே கூறிக்கொண்டிருக்கும். ஓர் ஏட்டில் மாத்திரம் எழுதிய முகவரிக்கு அந்நிலை நேராது. கொட் கூறிய முறை இன்று வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் பொதுவாயினும், சேதனச் சான்றளிப்பைப் போல அதன் வன்மையையும் மென்மையையும் ஒருங்கே காட்டுந் துறைகள் மிகுதியாக இல்லை.

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் மூன்று ஏக்கர்த் தென்னந்தோப்பு ஒன்று சான்றிதழ் வேண்டி மனுச்செய்வதாக வைத்துக்கொள்வோர், இம்முறை செயற்படும் வகையைத் தெளிவாகக் காண்பர். எருக்கலையும் பிட்டியும் சேர்ந்த பெயருடைய மணற்பாங்கான ஊர் அது. எருக்கலந் தழை தென்னைக்கு நல்ல பசுந்தாட் பசளை என்பதை விவசாயிகள் அறிவர். ஆதலின் ஊரின் பெயரிலேயே சேதனப் பசளை ஒன்று அமைந்துள்ளது எனலாம். பெயர் இனியது, அதனைக் கணினியிற் பதியுமிடத்து முதற் சிக்கல் பிறக்கின்றது. ஆங்கிலத்தில் எழுதும்போது ஈற்றில் 'டீ' என்னும் எழுத்தை இரட்டித்து எழுதுவோர் உளர்; 'ரீ' என்னும் எழுத்தை இரட்டிப்போரும் உளர். மனிதனுக்கு அஃது ஓரூர்; கணினிக்கோ அவை இரண்டு ஊர்கள். அன்றியும், இவ்வூரிலிருந்து பெயர்ந்து சென்றோர் புத்தளப் பகுதியிலும் தம் ஊர்ப்பெயரைக் குடியிருப்புக்கும் பாடசாலைக்கும் இட்டு வழங்கினர். ஆகவே ஒரு பெயருக்கு ஈரிடமும், ஓரிடத்துக்கு இரு பெயரும் உண்டாகின்றன. ஆட்பெயரும் அத்தகையதே. முகமது, முகம்மது, முஹம்மத் என மூவகையாக எழுதப்படும் ஒருவர் மூவராக எண்ணப்பட்டால், அவரது ஒரு தோப்பும் மூன்று தோப்பாகும்; மூன்று தோப்பின் காயும் ஒரு தோப்பிலிருந்தே விற்கப்படும். எழுத்துப் பிழை வஞ்சகத்துக்கு வாயிலாதல் இவ்வாறே. பெயரைச் சாவியாகக் கொள்ளாது, அடையாள அட்டை இலக்கத்தையோ தனியே வழங்கிய இலக்கத்தையோ சாவியாகக் கொள்ளுதல் இதனாலேயே விதியாயிற்று. ஊருக்குப் பதிலாகக் காணியின் எல்லைப் புள்ளிகள் அகலாங்கு, நெட்டாங்குகளாற் குறிக்கப்படும்.

அடுத்து உரிமை. அத்தோப்பு காலஞ்சென்ற தந்தையினுடையது என்றும், மூன்று ஆண்மக்களும் இரண்டு பெண்மக்களும் வாரிசுகள் என்றும் கொள்க. முஸ்லிம் மரபுரிமை முறைப்படி ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் எட்டில் இரு பங்கும், பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் எட்டில் ஒரு பங்கும் சேரும். காணி பிரிவினை செய்யப்படவில்லை. எந்த மரம் எவருடையது என்று கூற இயலாது. ஒவ்வொரு மரத்திலும் ஐவர்க்கும் பங்கு உண்டு. 'காணி' என்னும் அட்டவணையில் 'உரிமையாளர்' என ஒரு நிரலை மாத்திரம் வைத்த மென்பொருள் இங்கே திகைத்து நிற்கும். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, காணிகளுக்கு ஓர் அட்டவணை, இவ்விரண்டுக்கும் நடுவே 'இன்னார்க்கு இன்ன காணியில் இத்தனை பங்கு' என்று கூறும் மூன்றாவது அட்டவணை என அமைத்தாலன்றி உண்மையை எழுத முடியாது. இதனை நுணுக்கம் எனத் தள்ளிவிடுதல் தவறு. ஐவருள் ஒருவர் கொழும்பில் இருந்துகொண்டு ஆள் விட்டுத் தம் பங்குக்கென்று யூரியா இடுவித்தால், மாசுபடுவது அவரது எட்டில் இரு பங்கன்று, தோப்பு முழுவதுமே. காணி அட்டவணை ஒன்றாயிருத்தலும் பங்கு அட்டவணை வேறாயிருத்தலும் இவ்வுண்மையைத் தாமே காட்டிவிடும். பிற நாடுகளிற் செய்த மென்பொருளை வாங்கி வந்து இந்நாட்டுக் காணிகளைப் பதியப் புகுவோர் முதலில் இடறி விழும் இடமும் இதுவே.

இனி மாற்றக் காலம். இரசாயனத்தைக் கைவிட்ட மறுநாளே நிலம் சேதன நிலம் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் இந்தியாவின் விதியும் ஆண்டுப் பயிருக்கு விதைப்பின் முன் இரண்டு ஆண்டும், தென்னை போன்ற நெடுங்காலப் பயிருக்கு அறுவடையின் முன் மூன்று ஆண்டும் வேண்டுகின்றன. அக்காலத்துள் இட்ட எரு எங்கிருந்து வந்தது, எத்தனை வண்டி, வண்டைத் தடுக்கச் செய்தது யாது, அயற் காணியின் மருந்து காற்றில் வாராதிருக்க எத்தனை அடி விடப்பட்டது, பறித்தது எந்நாள், எத்தனை காய், எவர்க்கு விற்றது என்பன யாவும் நாளிட்டு எழுதப்படும். ஆண்டுதோறும் பரிசோதகர் ஒருவர் வந்து பார்த்துத் தாம் கண்ட குறைகளையும் அதே தரவுத்தளத்திற் பதிவார்.

இவ்வளவும் பதிந்தபின் மென்பொருள் செய்யும் அரும்பணி எளிய கழித்தற் கணக்கேயாம். இருபத்தாறு அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 மரம் வீதம் மூன்று ஏக்கருக்கு 192 மரம். மரமொன்றுக்கு ஆண்டில் 50 காய் எனப் பரிசோதகர் மதிப்பிட்டால் 9,600 காய். இதுவே அத்தோப்பின் இருப்பு. எண்ணெய் ஆலைக்கு 4,000 காய் விற்றதாகப் பரிவர்த்தனைச் சான்றிதழ் கேட்டால், அது வழங்கப்பட்டு இருப்பு 5,600 ஆகும். அதே ஆண்டில் மேலும் 8,000 காய்க்குச் சான்றிதழ் கேட்டால் மென்பொருள் மறுத்துவிடும். ஆலையின் கணக்கும் அவ்வாறே: உள்ளே சென்ற காயின் அளவுக்கு மேற்பட்ட எண்ணெய் வெளியே வருதல் ஆகாது. பத்து ஊர்களின் காய் ஒரு கொள்கலனிற் கலந்து கப்பலேறினாலும், அதன் தொகுதி இலக்கத்தைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தால் ஒவ்வொரு தோப்பையும் அடையலாம். காகிதப் பதிவேட்டிலும் இதனைச் செய்யலாமே எனின், செய்யலாம். ஆயினும் ஒரு சான்றிதழை ஒரு நிறுவனத்திலும் அதே காய்க்கு மற்றொரு சான்றிதழை வேறொரு நிறுவனத்திலும் பெறுபவனைக் காகிதம் தடுக்க வல்லதன்று. எல்லா நிறுவனங்களும் ஒரே தரவுத்தளத்தில் எழுதும்போதே அது தடைப்படும்.

அத்தகைய பொதுத் தரவுத்தளம் ஒன்றைக் காணப் பாக்கு நீரிணையைக் கடத்தல் போதும். இந்தியா தன் ஏற்றுமதிச் சேதனப் பொருட்கள் அனைத்தையும் 'ட்ரேஸ்நெட்' என்னும் இணையவழித் தரவுத்தளத்திற் பதியும் முறையை 2010 இல் ஏற்படுத்தியது. அபேடா எனச் சுருக்கமாக வழங்கும் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் அதனை நடத்துகின்றது. விவசாயியும், சான்றளிக்கும் நிறுவனமும், பதப்படுத்துவோரும், ஏற்றுமதியாளரும் தத்தம் பகுதியை அதில் எழுதுவர். முன்னவர் எழுதியதன் மீதே பின்னவர் எழுதக்கூடும். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2007 இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய அங்ககச் சான்றளிப்புத் துறையும் இத்திட்டத்தின்கீழ்ச் சான்று வழங்குவதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல், வெளிநாட்டுச் சேதனப் பொருளுக்குரிய பரிசோதனைச் சான்றிதழைத் தன் 'ட்ரேசஸ்' என்னும் மின்பதிவேட்டிலேயே கோருகின்றது.

ஏன் இத்துணைக் கடுமை என்பார்க்கு ஒரு கப்பலின் கதை விடையாகும். 2016 இன் பிற்பகுதியில் உக்கிரேன் நாட்டுச் சாதாரண சோயா அவரை ஏறத்தாழ 36 மில்லியன் இறாத்தல் துருக்கி வழியாகக் கலிபோர்னியாவுக்குச் சென்றது. புறப்பட்டபோது சாதாரணப் பொருளாயிருந்தது கரைசேர்ந்தபோது 'சேதனம்' எனப் பெயர் மாறியிருந்தது. அதன் மதிப்பும் நாற்பது இலட்சம் டொலர் அளவில் உயர்ந்தது. வாசிங்டன் போஸ்ட் பத்திரிகை 2017 மே மாதத்தில் இதனை வெளிப்படுத்தியது. கடலில் அவரைக்கு யாதொன்றும் நேரவில்லை, காகிதமே மாறியது. 2024 மார்ச்சு முதல் ஐக்கிய அமெரிக்காவும் இறக்குமதியாகும் ஒவ்வொரு சேதனப் பொருளுக்கும் மின்வழிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது.

காகிதத்தைக் கைவிட்டதனால் வஞ்சகம் ஒழிந்ததோ எனின், அதுவும் இல்லை. 2020 ஒக்டோபரில், உலகச் சேதனத் துணித் தரநிலையை நடத்தும் அமைப்பு ஓர் அறிவித்தல் வெளியிட்டது. இந்தியப் பருத்தியில் 20,000 தொன் அளவுக்குப் போலிச் சான்றிதழ்கள் காணப்பட்டன. அவற்றில் அச்சிடப்பட்ட கட்டக் குறியீட்டைக் கைப்பேசியாற் பார்த்தவர்கள் ட்ரேஸ்நெட்டைப் போலவே தோற்றமளித்த வேறொரு போலித் தளத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். முற்காலத்திற் கள்ள உறுதி முடிப்போர் உறுதியை மாத்திரமே பொய்யாக எழுதினர்; தோம்பைத் தொட அவர்களால் இயலவில்லை. இவர்களோ தோம்பையே பொய்யாகப் படைத்துவிட்டனர்.

அளவை நூலார் உண்மையை அறியும் வழி காண்டல், கருதல், உரை என மூன்று என்பர். சான்றளிப்பில் இம்மூன்றும் உள. பரிசோதகர் ஆண்டுக்கு ஒருமுறை தோப்புக்கு வந்து பார்ப்பது காண்டல். மரத்தின் தொகையினின்று காயின் தொகையை உய்த்துணர்வதும், ஆய்வுகூடத்தின் எச்சப் பரிசோதனையும் கருதல். எஞ்சிய முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களிலும் நிகழ்ந்தது யாது என விவசாயி தன் கைப்பட எழுதுவது உரை. மென்பொருள் வன்மையுடையது கருதலில் மாத்திரமே. எண்கள் ஒன்றோடொன்று முரணினால் அது உடனே கூறும்; முரணாத பொய்யை அது அறியாது. பத்து மூடை யூரியாவை இரவில் இட்டுவிட்டு 'எரு, பத்து வண்டி' எனப் பதிபவனது பதிவும் குற்றமற்ற பதிவாகவே நிற்கும். விற்பவர்கள் இம்மென்பொருட்களைப் புகழும்போது இவ்வெல்லையைச் சொல்லாது விடுகின்றனர்; வாங்குவோர் அறிந்துகொள்ளுதல் நலம்.

இதனினும் ஆழமான எல்லை ஒன்று எருக்கலம்பிட்டியிற் புலனாகும். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம்கள், 70,000 க்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளின் கட்டளையாற் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கடல்வழியே கற்பிட்டிக்குச் சென்று புத்தளம் மாவட்டத்து முகாம்களில் வாழ்ந்தனர். வீட்டுப் பொருளோடு காணி உறுதியும், பற்றுச்சீட்டும், கணக்குக் கொப்பியும் கைவிட்டுப் போயின. போர் 2009 இல் முடிந்தபின் மீண்டவர் சிலர், மீளாதவர் பலர். வேலி விழுந்து, எல்லை தெரியாது, பற்றை மூடிக் கிடந்த காணிகளை அவர்கள் கண்டனர்.

ஏறத்தாழ இரு தசாப்தம் மனிதன் கைபடாது கிடந்த அத்தகைய காணிக்கு இரசாயனம் இட்டவர் யார்? பெரும்பாலும் எவரும் இலர். மாற்றக் காலம் மூன்று ஆண்டே. இங்கே அதனினும் பன்மடங்கு கழிந்துவிட்டது. உண்மை நோக்கிற் பார்த்தால், இத்தகைய நிலத்தைப் போலச் சேதனச் சான்றுக்குத் தகுதியுடைய நிலம் கிடைப்பது அரிது. ஆயின் விண்ணப்பத்தில் 'இறுதியாக இரசாயனம் இட்ட நாள்' என்னும் நிரல் உண்டு. அங்கே எழுதுவது யாது?

வெறுமையாக விடலாம். தரவுத்தளத்தில் அதற்கு வெற்றுப்பெறுமானம் என்று பெயர். கொட் அவர்களும் அவர் வழிவந்தோரும் நெடிது வாதிட்ட பொருள் இது. வெறுமையான கட்டம் 'இட்டதில்லை' என்று பொருள்படுமா, 'இட்டதுண்டோ தெரியாது' என்று பொருள்படுமா? முன்னையது இன்மை, பின்னையது அறியாமை. இரண்டும் ஒன்றல்ல. இதனால் உண்மை, பொய் என்னும் இருவகையோடு 'அறியப்படாதது' என்னும் மூன்றாவதனையும் கொண்ட தருக்கமுறை தரவுத்தளங்களில் இடம்பெற்றது. 'மூன்று ஆண்டுக்குமேல் இரசாயனம் படாத காணிகள் எவை?' என்று வினவினால், வெறுமையான கட்டத்தையுடைய காணி 'ஆம்' என்னும் பட்டியலில் வாராது. 'இல்லை' என்னும் பட்டியலிலும் வாராது. அவ்வினாவைப் பொறுத்தவரை அக்காணி உலகில் இல்லாததற்கு ஒப்பாகும். ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோர் காணி பதிவேட்டினின்றும் வெளியேறிவிடுவது விபரீதமேயாயினும், எழுதியவர் எவருடைய வஞ்சமும் அதிலில்லை. கட்டத்தை அமைத்தவர் இத்தகைய ஊரை நினையாமையே காரணம்.

விதி முற்றிலும் இரக்கமற்றது எனல் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 ஆம் இலக்க ஒழுங்குவிதி, குறைந்தது மூன்று ஆண்டு தடைசெய்யப்பட்ட பொருள் படாத நிலம் என நிறுவப்படின், கழிந்த காலத்தையும் மாற்றக் காலத்தின் பகுதியாக ஏற்க இடமளிக்கின்றது. ஆயினும் அதற்கு ஆவணச் சான்று வேண்டும் என்கிறது. ஆவணமே இழக்கப்பட்ட இடத்தில் ஆவணம் கேட்கப்படுகின்றது. காணிச் சட்டத்தில் இதற்கு ஒப்பான இடர் நேர்ந்தபோது இலங்கைப் பாராளுமன்றம் வழிகண்டது. பத்து ஆண்டு தடையின்றி ஆண்டவனுக்குக் காணியுரிமை உண்டாகும் என்பது பழைய ஆட்சிக்கால விதி. போரினால் தம் காணிக்குச் செல்லமுடியாதிருந்தோர்க்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 1983 மே மாதம் முதல் 2009 மே மாதம் வரையுள்ள காலம் அதில் அடங்கும். அஃதாவது, மனிதன் இல்லாதிருந்த ஆண்டுகள் வெறுமையான ஆண்டுகளல்ல, காரணமுடைய ஆண்டுகள் எனச் சட்டம் ஒப்புக்கொண்டது. சேதன விதிகளில் இத்தகைய ஏற்பாடு இல்லை.

ஆவணத்துக்குப் பதிலாக யாது காட்டலாம்? ஒன்று வானிலிருந்து எடுத்த படம். 1972 முதல் லான்ட்சாற் என்னும் செயற்கைக்கோள்கள் பூமியைப் படமெடுத்து வருகின்றன. அப்படங்கள் 2008 இல் யாவர்க்கும் இலவசமாக்கப்பட்டன. அவற்றில் ஒரு புள்ளி நிலத்தில் முப்பது மீற்றர்ச் சதுரம். அரை ஏக்கர்த் தோப்பு இரண்டு புள்ளிக்குச் சற்று மேற்பட்டது. அது பயிரிடப்பட்டதா, பற்றை மண்டியதா என்பதை இரண்டு புள்ளிகொண்டு துணிதல் கடினம். மூன்று ஏக்கருக்கு ஓரளவு துணியலாம். 2015 முதல் ஐரோப்பியரின் சென்ரினல் செயற்கைக்கோள் பத்து மீற்றர் நுணுக்கத்திற் படமெடுப்பதால், அண்மைக் காலத்துக்கு நிலைமை நன்று. மற்றொன்று மாந்தர் உரை: அயற் கிராமத்தார், கிராம அலுவலர், ஊர் முதியோர் ஆகியோரின் சத்தியக் கூற்று. இவை தனித்தனியே நலிந்தவையாயினும் ஒன்றோடொன்று பொருந்துமிடத்து வலிமை பெறும். மென்பொருள் இவற்றை ஏற்கவேண்டுமாயின் அந்நிரல் ஒற்றை நாளை மாத்திரம் கேட்பதாய் இருத்தலாகாது. 'இட்டதில்லை', 'இந்நாளில் இட்டது', 'அறியப்படவில்லை' என மூன்று விடைகளும், ஒவ்வொன்றுக்கும் 'கூறியவர் யார், எவ்வாறு அறிந்தார்' என்னும் இணைப்பு அட்டவணையும் வேண்டும். இஃது அமைப்போனுக்கு அரைநாள் வேலை. விண்ணப்பிப்போனுக்கு மூன்று ஆண்டு.

சிறு தோப்புடையோர் தனியே சான்று பெறுதல் செலவு மிக்கதாகலிற் குழுவாகச் சேருவர். மேற்கூறிய ஐரோப்பிய விதி குழுவொன்றுக்கு 2,000 பேர் வரை அனுமதித்து, உள்ளகக் கட்டுப்பாட்டு முறை ஒன்றையும் கேட்கின்றது. புறத்தேயிருந்து வரும் நிறுவனம் ஆண்டுதோறும் உறுப்பினருள் நூற்றுக்கு ஐவரையேனும் மீளப் பரிசோதித்தல் வேண்டும். எஞ்சிய தொண்ணூற்றைந்து பேரையும் குழு தானே பார்த்துப் பதியவேண்டும். ஆகவே தரவுத்தளத்தின் உண்மை ஈற்றில் ஊரிலுள்ள ஒரு பதிவாளரின் கையில் தங்குகின்றது. தோப்பை நன்கறிந்தவராகவும், பெயர்களின் எழுத்து வேறுபாடுகளை இனங்காணக் கூடியவராகவும், புத்தளத்தில் இருக்கும் பங்காளியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கத் தயங்காதவராகவும் அவர் இருத்தல் வேண்டும். இத்தகையோரைப் பயிற்றுவதற்கு ஆகும் பணம் மென்பொருளின் விலையிற் சேர்த்து எழுதப்படுவதில்லை. திட்டங்கள் பல இடையில் முறிந்துபோவது அதனாலேயாம்.

கழிந்த காலம் ஏற்கப்படாவிடில், மாற்றக் காலம் சான்றளிக்கும் நிறுவனத்திடம் பதிவுசெய்த நாளிலிருந்தே தொடங்கும். தேங்காய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பறிக்கப்படுவது. மூன்று ஆண்டுக்குப் பதினெட்டுப் பறிப்பு. முப்பது ஆண்டு இரசாயனம் அறியாத தோப்பொன்றின் பதினெட்டுப் பறிப்புக் காயும் சாதாரணக் காயின் விலைக்கே போகும். பத்தொன்பதாவது பறிப்பே சேதனத் தேங்காய் எனத் தரவுத்தளத்தில் ஏறும்.